கடலுக்கடியில் கிடக்கும் முதல்

பழைய சோனகத் தெருவில் கயிறும் கன்வஸும் இரும்புச் சாமானும் விற்கிற ஒருவன், ஐம்பதைத் தாண்டிய வயதில், முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியிலே போய் வந்தேன் என்று சொன்னால் நண்பர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் அங்கே போனது உல்லாசத்துக்கு அல்ல. கடன் கேட்கத்தான் போனேன்.

குச்சவெளிப் பக்கத்தில் எனக்கு ஒரு வாடிக்கையாளர். பன்னிரண்டு வருடப் பழக்கம். நைலோன் கயிறு, மிதவை, படகு இயந்திரத்துக்கான உதிரிப்பாகம் என்று கடனுக்கு எடுப்பார். கடலட்டைப் பருவம் முடிந்ததும் நேரில் வந்து கணக்கைத் தீர்த்துவிட்டு, ஒரு பார்சல் கருவாட்டையும் வைத்துவிட்டுப் போவார். ஒரு காசோலை கூடத் திரும்பியதில்லை. அப்படிப்பட்டவர் இரண்டு பருவமாகப் பேச்சில்லை. தொலைபேசியும் எடுப்பதில்லை. ஆள் மாறிவிட்டார் என்றே நான் முடிவு கட்டியிருந்தேன். அல்லாஹ் மன்னிக்க வேண்டும், கடையில் இரண்டு பேரிடம் அப்படிச் சொல்லியும் விட்டேன்.

போய்ப் பார்த்தால் வீட்டு வாசலில் சக்கர நாற்காலியில் இருக்கிறார். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை.

"ஹாஜியார், உங்களுக்கு முகம் காட்ட வெட்கமாக இருந்தது" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

நடந்தது இதுதான். கரைக்கு அண்மையில் கடலட்டை அருகிப் போய்விட்டது. அதனால் ஆழம் ஆழமாகப் போனார்கள். முப்பது மீற்றர், அதற்கும் கீழே. ஒரு நாளைக்கு நான்கு, ஐந்து சிலிண்டர். மேலே வந்து ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் கீழே. அன்றைக்கு ஐந்தாவது தடவை வேகமாக ஏறி வந்திருக்கிறார். முதலில் முதுகு வலி. பிறகு காலில் விறைப்பு. சளி பிடித்திருக்கிறது, குளிர் ஏறிவிட்டது என்று வாடியிலே எண்ணெய் பூசிப் படுக்க வைத்திருக்கிறார்கள். மஃரிபுக்கு எழும்ப முடியவில்லை. அடுத்த நாள்தான் ஆஸ்பத்திரி. அழுத்த அறைக்குக் கொண்டுபோகும்போது காலம் கடந்துவிட்டது.

இந்த நோய் என்னவென்று அறியாமலே நானும் இத்தனை வருடம் அந்தத் தொழிலுக்குச் சாமான் கொடுத்திருக்கிறேன். கடலட்டையை நாம் தின்பதில்லை. அவித்து, உலர்த்தி, சிங்கப்பூருக்கும் ஹொங்கொங்குக்கும் அனுப்புகிறோம். கொழும்பிலே ஏற்றுமதி செய்கிறவருக்கும், ஊரிலே முற்பணம் கொடுக்கிற முதலாளிக்கும், என்னைப் போலக் கயிறு விற்கிறவனுக்கும் அது லாபக் கணக்கு. காலை இழந்தவனின் கணக்கு எந்தப் புத்தகத்திலும் பதியப்படுவதில்லை. புல்மோட்டையிலிருந்து கற்பிட்டி வரை நம்மவர்கள் எத்தனையோ பேர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். ஆகவே விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சிலிண்டரில் இருப்பது ஒட்சிசன் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், பத்திரிகைகளும் அப்படியே எழுதுகின்றன. தவறு. நாம் மூச்சு விடுகிற இதே சாதாரண வளியைத்தான் கொம்பிரசரால் அடைக்கிறார்கள். தனி ஒட்சிசனை அடைத்துக்கொண்டு ஆறேழு மீற்றருக்குக் கீழே போனால் அதுவே நஞ்சாகி வலிப்பு வரும். வழமையான சிலிண்டரின் கொள்ளளவு ஏறக்குறைய 11 லீற்றர். அதற்குள் 200 மடங்கு அழுத்தத்தில் அடைத்தால் 2,200 லீற்றர் வளி. பதற்றமில்லாமல் இருக்கிற ஒருவர் கரையிலே நிமிடத்துக்கு 20 லீற்றர் அளவில் இழுப்பார் என்று வைத்துக்கொள்வோம். பத்து மீற்றர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பு. ஆகவே 40 லீற்றர். இருபது மீற்றரில் 60. முப்பது மீற்றரில் 80. அதாவது பத்து மீற்றரில் 55 நிமிடம் வரக்கூடிய அதே சிலிண்டர், முப்பது மீற்றரில் 27 நிமிடத்தில் காலி. ஒதுக்கமாகக் கொஞ்சம் மிச்சம் வைத்து ஏற வேண்டும் என்பதால் உண்மையில் இன்னும் குறைவு. ஆழம் கூடக் கூடச் செலவு ஏறுகிற வியாபாரம் இது.

செலவு வளியில் மட்டும் என்றால் பரவாயில்லை. வளியில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன். மேலே இருக்கும்போது அது உடம்பை ஒன்றும் செய்யாது. ஆழத்தில் அழுத்தத்தினால் அது இரத்தத்திலும் தசையிலும் கரைந்து சேர்கிறது. மெதுவாக ஏறினால் மெதுவாக மூச்சோடு வெளியேறிவிடும். திடீரென்று ஏறினால்? சோடாப் போத்தலைக் குலுக்கி மூடியைத் திறந்து பாருங்கள். அதுதான் இரத்தத்துக்குள்ளேயும் நடக்கிறது. அந்தக் குமிழி முதுகுத்தண்டைத் தாக்கினால் கால் போகும். மூளையில் அடைத்தால் ஆளே போவார். நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேல் ஏறக்கூடாது, ஐந்து மீற்றர் ஆழத்தில் மூன்று நிமிடம் தரித்து வரவேண்டும், ஒரு சுழியோட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே உடம்புக்கு அவகாசம் கொடுக்க வேண்டும், கடைசிச் சுழியோட்டத்துக்குப் பிறகு 18 மணித்தியாலமாவது விமானம் ஏறக்கூடாது. உல்லாசத்துக்கு வருகிற வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு முதல் நாள் வகுப்பிலேயே இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். பிழைப்புக்காக இறங்குகிற நம் பிள்ளைகளுக்கு ஒருவரும் சொல்வதில்லை.

நோய் கண்டால் எண்ணெய் பூசி நேரத்தை வீணாக்க வேண்டாம். உடனே ஒட்சிசன் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்ல வேண்டும். திருகோணமலையில் கடற்படையினரிடம் அழுத்த அறை உண்டு. சுழியோடிகளை வைத்துத் தொழில் செய்கிற முதலாளிமார் ஒவ்வொரு வாடியிலும் ஒரு ஒட்சிசன் சிலிண்டரும் முகமூடியும் வைத்திருப்பது பெரிய செலவல்ல. இங்கேதான் அந்த ஒட்சிசனுக்கு வேலை, கடலுக்கடியில் அல்ல.

இனிப் புறாமலைக்கு வருவோம்.

அவருடைய மகனுக்கு இருபத்திரண்டு வயது. வாப்பா விழுந்த பிறகு கடலட்டைப் பக்கம் போக உம்மா விடவில்லை. நிலாவெளியில் உல்லாசப் பயணிகளைச் சுழியோட அழைத்துச் செல்கிற ஓர் இடத்தில் படகு ஓட்டப் போனார். சிலிண்டர் நிரப்பப் பழகி, இப்போது சான்றிதழும் எடுத்து வழிகாட்டிக்கு உதவியாளராக இருக்கிறார். "ஹாஜியார் ஒருமுறை வந்து பாருங்கள், கடலட்டை எடுக்காமலும் கடலிலே காசு இருக்கிறது" என்றார். கடன் கேட்க வந்தவனுக்கு மறுக்க மனம் வரவில்லை.

முதலில் ஒரு படிவம் தந்தார்கள். இருதய நோய், ஆஸ்துமா, வலிப்பு, சீனி, காது வருத்தம் என்று ஒரு நீண்ட பட்டியல். ஒன்றுக்கு 'ஆம்' என்று போட்டாலும் வைத்தியரிடம் போய் வரவேண்டும். எனக்கு இலேசான பிரஷர் இருக்கிறது, மறைக்கவில்லை. திருகோணமலையில் வைத்தியரைக் கண்டு கையொப்பம் வாங்கிய பிறகே ஏற்றினார்கள். அந்த இடத்தின் மீது எனக்கு நம்பிக்கை வந்தது அப்போதுதான். வருகிற வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பத் தயங்காத கடை நல்ல கடை.

உடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடற்கரை என்றதும் நம்மவர்களுக்கு முகம் சுளிக்கும், அதில் நியாயமும் உண்டு. ஆனால் சுழியோடும் உடை கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடுகிறது. கடலுக்குள்ளே நான் கண்டவர்கள் எல்லோரும் நம் ஊர்க் கல்யாண வீட்டில் காண்பதை விட ஒழுங்காக மூடியிருந்தார்கள்.

புறாமலை நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர். பெரியது ஒன்று, சிறியது ஒன்று என இரண்டு தீவுகள். மாடப்புறாக்கள் அடைவதால் வந்த பெயர். 1963 இல் சரணாலயமாக்கி, 2003 இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்தார்கள். வன ஜீவராசிகள் திணைக்களம் அனுமதிச் சீட்டு வழங்குகிறது.

நான் இறங்கியது ஆறு மீற்றர் மட்டுமே. பயிற்றுநர் என் சிலிண்டரைப் பிடித்த கையை விடவேயில்லை. முதல் இரண்டு மீற்றரில் காது குத்தியது. மூக்கைப் பொத்திக்கொண்டு மெதுவாக ஊத வேண்டும். 'டப்' என்று திறந்துகொள்கிறது. பிறகு சொந்த மூச்சுச் சத்தத்தைத் தவிர வேறொன்றுமில்லை என்று நினைத்தேன். இல்லை, இன்னொரு சத்தம் இருந்தது. யாரோ கற்கண்டு கடிப்பது போல. பார்த்தால் கிளிமீன்கள் கூட்டமாக நின்று முருகைக்கல்லைக் கொறிக்கின்றன. பாசியைத் தின்பதற்காகக் கல்லையும் சேர்த்துக் கடித்து, அரைத்து, வெண்மணலாகக் கழிக்கின்றன. நாம் பாய் விரித்துக் குந்துகிற வெள்ளை மணலில் ஒரு பங்கு இப்படி வந்தது என்று மேலே வந்த பிறகு பயிற்றுநர் சொன்னார். மான்கொம்பு போலக் கிளை விட்ட முருகை, மேசை போலப் பரந்த முருகை, இடையிலே நூற்றுக்கணக்கில் மீன். செட்டையின் நுனியில் கறுப்புப் பூசிய சுறா ஒன்று எங்களைச் சுற்றிக்கொண்டு தன் வேலையைப் பார்க்கப் போனது. என் இருதயம் துடித்த துடிப்பில் சிலிண்டர் பாதி காலியாகியிருக்கும். மனிதனைச் சீண்டாத சாது என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

ஸூரத்துர் ரஹ்மானில் முத்தையும் பவளத்தையும் அல்லாஹ் தன் அருட்கொடைகளாகச் சேர்த்துச் சொல்கிறான். சிறு வயதிலிருந்து ஓதி வந்தும் அதன் பொருள் எனக்கு அன்றுதான் நெஞ்சில் இறங்கியது.

அந்தச் சுறாவின் விலை என்ன? கேள்வி விளையாட்டல்ல. மாலைதீவில் 1993 இல் வெளியான ஓர் ஆய்வில் இதைக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். ஒரு சாம்பல் நிறப் பாறைச் சுறாவைப் பிடித்து விற்றால் மீனவனுக்குக் கிடைப்பது 32 டொலர், ஒரே ஒரு தடவை. அதே சுறாவை உயிரோடு விட்டால், அதைப் பார்க்க வருகிற சுழியோடிகளால் நாட்டுக்கு வருடத்துக்குச் சராசரியாக 3,300 டொலர், வருடா வருடம். 2010 இல் மாலைதீவு தன் கடல் முழுவதிலும் சுறா பிடிப்பதைத் தடை செய்தது. பாசத்தினால் மட்டும் செய்ததல்ல, கணக்குப் பார்த்தும் செய்தது. 1972 இல் ஒரேயொரு உல்லாச விடுதியோடு தொடங்கிய நாடு அது. 2009 க்குப் பிறகு மக்கள் குடியிருக்கிற தீவுகளிலும் சிறு விருந்தினர் இல்லங்களுக்கு இடம் கொடுத்தார்கள். அந்தத் தீவுகளில் மது இல்லை, குளிக்க வருகிறவர்களுக்கு ஒதுக்குப்புறமாகத் தனிக் கரை, பாங்கு சொன்னால் பள்ளி. அப்படியும் ஐரோப்பியர் போகிறார்கள், ஏனென்றால் அவர்கள் தேடிப் போவது மீனையும் முருகையையும். மது விற்காமல் உல்லாசத் தொழில் செய்ய முடியாது என்று நம்மவர்களில் சிலர் கையை விரிப்பதைக் கேட்கும்போது எனக்கு மாலைதீவுதான் ஞாபகம் வரும்.

நம் நாட்டுக்கு மாலைதீவுக்குக் கிடைக்காத ஒரு வசதி உண்டு. கிழக்கே கடல் தெளிகிற காலம் ஏறக்குறைய மே முதல் செப்டெம்பர் வரை. தென்மேற்கே ஹிக்கடுவ, உனவட்டுனப் பக்கம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. ஒரே கொம்பிரசரையும் அதே சிலிண்டர்களையும் லொறியில் ஏற்றி இரண்டு கரையிலும் உழைக்கலாம். சாமான் சும்மா கிடக்கிற மாதம் இரண்டு மூன்றுதான். எந்தத் தொழிலில் இப்படிக் கிடைக்கும்?

அதற்காக எல்லோரும் நாளைக்கே நிலாவெளிக்கு ஓட வேண்டாம். கொம்பிரசர் ஜேர்மனியிலோ இத்தாலியிலோ செய்ததாக இருக்க வேண்டும், மலிவானதை வாங்கி மனித உயிரோடு விளையாடக்கூடாது. வளி இழுக்கிற குழாய் இயந்திரப் புகைக்கு அருகில் இருந்தால் காபன் மொனொக்சைட் சிலிண்டருக்குள் போய்விடும். மேலே தலைவலி தருகிற அளவு, ஆழத்தில் ஆளை மயக்கிவிடும். வடிகட்டிகளை மணிக்கணக்குப் பார்த்து மாற்ற வேண்டும். சிலிண்டரை வருடம் ஒருமுறை உள்ளே திறந்து பார்க்க வேண்டும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை. சான்றிதழ் பெற்ற பயிற்றுநர் இல்லாமல் ஒருவரையும் இறக்கக்கூடாது. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு, படகுக்குப் பதிவு, காப்புறுதி. வட்டிக்கு அஞ்சுகிறவர்கள் தகாபுலைப் பார்க்கலாம். இவையெல்லாம் போக, நாட்டின் நிலைமை. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்பு, 2020 கொரோனா, 2022 இல் எரிபொருள் இல்லாத வரிசை. அடுத்தடுத்து விழுந்த அடியில் கரையோரத்தில் எத்தனை பேர் படகை விற்றார்கள் என்பதை நான் நேரில் கண்டவன். ஒரு வருடச் செலவைக் கையில் வைத்துக்கொள்ளாதவர் இதில் இறங்காதிருப்பது நல்லது.

இவற்றை விடப் பெரிய ஆபத்து இன்னொன்று. சரக்கே அழிகிறது.

முருகை என்பது கல் அல்ல, உயிர். அதன் தசைக்குள்ளே குடியிருக்கிற நுண்ணிய பாசிதான் அதற்கு உணவும் நிறமும் கொடுக்கிறது. கடல் வெப்பம் வழமையான கோடைகால உச்சத்தை விட ஒரு பாகை கூடிச் சில வாரங்கள் நின்றாலே போதும், அந்தப் பாசி வெளியேறிவிடும். முருகை வெளுக்கும். வெப்பம் தணியாவிட்டால் செத்துவிடும். 1998 இல் ஹிக்கடுவயிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பாரிலும் ஆழமில்லாத இடத்து முருகையில் பெரும்பகுதி அப்படித்தான் செத்தது. திருகோணமலைப் பக்கம் அந்த வருடம் பெரும்பாலும் தப்பியது. 2016 வெப்பம் நாட்டின் முருகைகளை மறுபடியும் வாட்டியது. 2024 ஏப்ரலில், உலகம் முழுவதும் நான்காவது தடவையாக முருகைகள் வெளுக்கின்றன என்று விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். உருண்டைப் பாறை போல வளர்கிற முருகை வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவே வளரும். என் உயரமுள்ள ஒன்று என் பாட்டனுக்கும் முன்னே தொடங்கியது.

கடல் சூடாவதை நாம் கடையில் இருந்து தடுக்க முடியாது. ஆனால் மீதியெல்லாம் நம் கையில் நடந்தவை. முருகைக்கல்லை உடைத்துச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கி விற்றோம். தென்மேற்குக் கரையில் அக்குரல, ஹிக்கடுவப் பக்கம் சட்டம் வந்த பின்னும் அது நடந்தது. முருகையை இழந்த கரையை அலை தின்றது. டைனமைட் போட்டு மீன் பிடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், 1996 ஆம் ஆண்டுக் கடற்றொழில் சட்டம் அதைத் தடை செய்திருந்தும். ஒரு வெடியில் ஒரு படகு மீன், பிறகு அந்த இடம் மையவாடி. புறாமலையில் நானே கண்டது: நீந்தத் தெரியாத உள்ளூர்ப் பயணிகள், நம்மவர்களும்தான், களைத்துப்போய் முருகையின் மேல் ஏறி நிற்கிறார்கள். காலுக்குக் கீழே அது நொறுங்குகிறது. நங்கூரம் போடுகிற படகுகளும் அப்படித்தான். அதற்குப் பரிகாரம் என் கடையிலேயே இருக்கிறது. ஒரு கொன்கிரீட் கட்டை, தடித்த கயிறு, ஒரு மிதவை. மணல் பகுதியில் இறக்கி வைத்தால் படகுகள் அதிலே கட்டிக்கொள்ளும், நங்கூரமே தேவையில்லை. உரிய அனுமதியோடு படகுச் சங்கங்கள் முன்வந்தால் கயிற்றைக் கொள்விலைக்குக் கொடுக்க நான் தயார்.

முதலைத் தின்று முடித்த கதை நமக்குப் புதிதுமல்ல. மன்னார் முத்துப்பார்களில் 1905 இல் நடந்தது பெருங்குளிப்பு. அதைக் கண்டு ஆசைப்பட்டு 1906 இல் லண்டன் கம்பெனி ஒன்று இருபது வருடக் குத்தகைக்கு எடுத்தது. 1907 க்குப் பிறகு பல வருடங்கள் முத்துக்குளிப்பே இல்லை. காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் நம் முன்னோர்கள் வந்து குளித்த பார்கள் அவை. இன்று சிலாவத்துறையில் போய் நின்றால் காற்றுத்தான் அடிக்கிறது.

சுழியோட்டம் என்றதும் புதையல் கேட்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்காக ஒன்று. ஆர்தர் சி. கிளார்க் இந்த நாட்டுக்கு வந்து தங்கியதே சுழியோடுவதற்காகத்தான். 1961 இல் அவருடைய பங்காளி மைக் வில்சன், கிரிந்தைக்கு அப்பால் கிரேட் பாஸஸ் வெளிச்சவீட்டுப் பாறைத்தொடரில் மூழ்கிக் கிடந்த கப்பலொன்றிலிருந்து வெள்ளி நாணயங்களைக் கண்டெடுத்தார். சூரத்தில் அச்சடித்த, ஔரங்கசீப் ஆலம்கீர் காலத்து ரூபாய்கள். பையோடு இறுகிப் பாறையாகிக் கிடந்தன. எல்லாவற்றிலும் ஒரே ஆண்டு: ஹிஜ்ரி 1113. யாரோ ஒரு வியாபாரியின் முழு முதலாக இருந்திருக்கும். அவனுடைய கடன்காரர்கள் எத்தனை நாள் காத்திருந்தார்களோ.

கடன் என்றதும் நினைவுக்கு வருகிறது. அன்று மாலை அஸர் தொழுதுவிட்டு அந்த வீட்டுக்கு மறுபடி போனேன். கணக்குப் புத்தகத்தை நான் திறக்கவில்லை. மகன்தான் பேச்சை எடுத்தார். நிலாவெளியில் மூடிக் கிடக்கிற ஒரு நிலையத்தில் பாவித்த கொம்பிரசர் ஒன்றும் பத்துச் சிலிண்டரும் விலைக்கு இருக்கின்றனவாம். வங்கிக்குப் போனால் வட்டி. முற்பணம் கொடுக்கிற முதலாளியிடம் போனால் மறுபடி கடலட்டைக்கு இறங்கச் சொல்வார். முழாரபா அடிப்படையில் நான் முதல் போட, அவர் உழைப்பைப் போட, லாபத்தைப் பிரித்துக்கொள்ளலாமா என்று கேட்டார். நட்டம் வந்தால் பணம் என்னுடையது, உழைப்பு அவருடையது, அதையும் அவரே சொன்னார்.

வாப்பா பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்று மட்டும் சொன்னார்: "ஹாஜியார், கொம்பிரசரை வாங்க முதல் யாரையாவது கொண்டு வளியைச் சோதித்துப் பாருங்கள்."

சிலிண்டர்கள் ஐந்து வருடச் சோதனைக்குப் போயிருக்கின்றன. அவற்றில் மூன்று தேறாது என்று இதற்குள்ளேயே சொல்லிவிட்டார்கள். மீதி ஏழும் தேறினால், கடல் தெளியுமுன் கணக்கை எழுதிக் கையொப்பமிடுவதாக இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.